ஆலைக் கழிவை இன்னொரு ஆலைக்கு மூலப்பொருளாகக் கொடுப்பது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு

ஆலையின் பின்பக்கம் குவியும் மரத்தூளோ, இரும்புத் துருவலோ, வெட்டியெடுத்த பிளாஸ்டிக் ஓரமோ வேறு யாருக்காவது பயன்படும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் காசு கொடுத்துத்தான் அதை அப்புறப்படுத்துகிறோம். யாரிடம் பேசுவது, என்னென்ன காகிதம் வேண்டும், பின்னால் சட்டச் சிக்கல் வருமா என்பதெல்லாம் ஓரிடத்தில் தெளிவாகக் கிடைப்பதில்லை. நான் இந்த வழியைத் தட்டுத் தடுமாறிக் கடந்தவன். அடுத்து வருபவர் அவ்வளவு அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொருளை எடுக்கப்போகிற ஆலைக்காரர் விலையைக் கேட்பதற்கு முன்பே கவலைப்படுவது, இந்த லோடு எப்படி இருக்கிறதோ அடுத்த லோடும் அப்படியே வருமா என்பதைப் பற்றித்தான். அவருடைய இயந்திரமும் சரக்கும் வாடிக்கையாளரும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்வதற்கானவை.

1. கழிவு பிறக்கும் இடத்திலேயே பிரித்து வையுங்கள்

ஆலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் என்ன விழுகிறது என்று எழுதுங்கள். எல்லாம் போய்ச் சேரும் குப்பைத் தொட்டியைப் பார்த்து எழுதாதீர்கள். தொட்டியில் எல்லாம் கலந்திருக்கும். கலந்த பிறகு பிரிக்க ஆகும் செலவு, பல சமயம் பொருளின் மதிப்பையே தாண்டிவிடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு விவரம் போதும். எந்த வேலையில் வருகிறது, மாதம் எத்தனை கிலோ, எந்த மாதங்களில் கூடுகிறது குறைகிறது, இப்போது அதை அகற்ற டன்னுக்கு எவ்வளவு செலவாகிறது. கடைசி விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் ஐந்தாம் படியில் கணக்குப் போட முடியாது. அளவை உத்தேசமாக எழுதாமல், சில வாரமாவது எடை போட்டே எழுதுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவுக்கும் எடை மேடை சொல்லும் அளவுக்கும் நிறைய வித்தியாசம் வரும்.

கலப்படம் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். தண்ணீர்ப் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கைச் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருக்குவார்கள். அதற்குள் கொஞ்சம் பி.வி.சி. போய்விட்டால், அந்தச் சூட்டுக்கு முன்பே அது சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை விடும். சரக்கு பழுப்பாகும், இயந்திரமும் அரிக்கும். பார்வைக்கு இரண்டும் தெளிந்த பிளாஸ்டிக்தான். அதேபோல, தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய மரத்தை அறுத்த தூள் சாதாரண மரத்தூளோடு சேர்ந்துவிட்டால், அந்தக் குவியலை எரிக்கவும் முடியாது, கால்நடைத் தொழுவத்தில் பரப்பவும் முடியாது. ஆகவே தனித் தொட்டி, பெரிய எழுத்தில் பெயர், ஒவ்வொரு ஷிஃப்டிலும் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர். இந்த வேலைக்கு ஆகும் செலவு சொற்பம். பலன் மற்ற எல்லாப் படியிலும் தெரியும்.

2. சட்டப்படி அது என்ன பொருள் என்று முடிவு செய்யுங்கள்

வாங்குபவரைத் தேடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பேரம் முடிந்து, லாரியும் வந்த பிறகு 'இதைக் கொண்டுபோக அனுமதி வேண்டும்' என்று தெரியவந்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

பெரும்பாலான நாடுகளில் மூன்று தட்டு உண்டு: துணைப்பொருள், சாதாரணக் கழிவு, அபாயக் கழிவு. துணைப்பொருள் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டால் கழிவு விதிகள் பெரும்பாலும் அதைத் தொடாது. அபாயக் கழிவு என்றால், கொடுப்பவர், ஏற்றிச் செல்பவர், எடுப்பவர் மூவருக்கும் அனுமதி வேண்டியிருக்கும்.

துணைப்பொருள்தானா என்று பார்க்க ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுக் கழிவு நெறிமுறை நான்கு நிபந்தனை வைக்கிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவற்றைக் கேள்விகளாக்கிக் கேட்டுப் பார்ப்பது நல்லது. பொருள் நிச்சயமாகப் பயன்படப் போகிறதா? வழக்கமான தொழில் நடைமுறைக்கு மேல் எந்தப் பதப்படுத்தலும் இல்லாமல் நேரடியாகப் பயன்படுமா? உங்கள் உற்பத்தியின் பிரிக்க முடியாத பகுதியாகவே அது வருகிறதா? அந்தப் பயன்பாடு சட்டப்படி சரியா, உடலுக்கும் சூழலுக்கும் கேடு தராததா? நான்குக்கும் ஆம் என்றால், ஆதாரத்தோடு ஓர் விண்ணப்பம் எழுதி உங்கள் ஊர்ச் சூழல் கட்டுப்பாட்டு அலுவலகத்திடம் எழுத்துப்பூர்வமான பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக 'பரவாயில்லை, அனுப்புங்கள்' என்று யார் சொன்னாலும் அதை வைத்து வண்டியை நகர்த்தாதீர்கள்.

அபாயக் கழிவா என்று பார்க்கும் அடிப்படை நான்கு: தீப்பற்றுவது, அரிப்பது, வினைபுரிந்து வெடிப்பது அல்லது நச்சு வாயு விடுவது, நச்சுத்தன்மை. எல்லைகள் நாட்டுக்கு நாடு மாறும். ஒரு மாதிரிக்கு, அமெரிக்க விதிகளில் தீப்பற்றும் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள திரவமும், அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 2 அல்லது அதற்குக் கீழே, 12.5 அல்லது அதற்கு மேலே உள்ள நீர்க்கரைசலும் அபாயக் கழிவுப் பட்டியலில் விழும்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, அபாயக் கழிவைச் சாதாரணக் கழிவில் கலந்து 'வீரியத்தைக் குறைத்துவிடலாம்' என்ற யோசனை. பல நாடுகளில் அது நேரடிக் குற்றம். மொத்தக் குவியலும் அபாயக் கழிவாகக் கணக்கில் ஏறிவிடும். இரண்டு, கால வரம்பு. அபாயக் கழிவை வளாகத்தில் வைத்திருக்க வரம்பு உண்டு. சில நாடுகளில் அது 90 நாள். வாங்குபவர் கிடைக்கும்வரை சேர்த்து வைக்கலாம் என்று நினைத்தால் அந்த வரம்பு உங்களை முந்திவிடும்.

3. மாதிரி எடுங்கள், சோதியுங்கள்

குவியலின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்புவதால் பயனில்லை. மேல்பகுதி காய்ந்திருக்கும், நுண்துகள் கீழே இறங்கியிருக்கும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஷிஃப்டில், குவியலின் பல இடங்களில் எடுத்துச் சேருங்கள். சேர்த்ததை நன்றாகப் புரட்டி வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு கால்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி புரட்டிப் பிரியுங்கள். தேவையான அளவு வரும்வரை இப்படிச் செய்யுங்கள்.

ஒரே மாதிரியை மூன்று பங்காகக் கட்டி, மூன்றுக்கும் முத்திரை வையுங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று உங்களிடம். பின்னால் தகராறு வந்தால் அந்த மூன்றாவது பொட்டலம்தான் உங்களுக்காகப் பேசும்.

என்ன சோதிப்பது என்பதை ஆய்வகத்திடம் விடாதீர்கள். வாங்குபவரின் பயன்பாட்டைப் பொறுத்தே அது அமையும். அனல்மின் நிலையச் சாம்பலைக் கான்கிரீட்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், எரிப்பு இழப்பு என்ற எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். சாம்பலை மறுபடி நன்றாகச் சுட்டால் எவ்வளவு எடை குறைகிறது என்பதுதான் அது; எரியாத கரி எவ்வளவு என்று காட்டும். அமெரிக்கத் தர விதியான ஏ.எஸ்.டி.எம். சி618 அதற்கு 6 சதவீத உச்சம் வைத்திருக்கிறது. எரியாமல் தங்கிய கரி அதிகமானால், கான்கிரீட்டில் காற்றுக் குமிழி உண்டாக்கச் சேர்க்கும் மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். எஃகு ஆலைக் கசடு என்றால் வினைபுரியாத சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அது நீர் பட்டு ஊதும். சாலைக்கு அடியில் போட்டால் சாலையே எழும்பும். அதனால் அந்தக் கசடை வெளியில் குவித்து மாதக்கணக்கில் ஆறவிட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே, வாங்கக்கூடிய தொழிலை ஓரளவு ஊகித்த பிறகு சோதனைக்குக் கொடுங்கள். கண்மூடித்தனமாக எல்லாச் சோதனையும் செய்தால் கட்டணம்தான் ஏறும்.

ஒரு தடவை சோதித்தால் போதாது. குறைந்தது மூன்று வேறு வாரங்களின் மாதிரி வேண்டும். வாங்குபவருக்குச் சராசரியைக் காட்டிலும் ஏற்ற இறக்கம் முக்கியம். 'ஈரம் 18 சதவீதம்' என்று சொல்வதைவிட '15 முதல் 21 வரை' என்று சொல்லும் விற்பனையாளரைத்தான் அவர் நம்புவார்.

ஆய்வக முடிவு வரச் சில வாரம் ஆகலாம், உலோகக் கசிவுச் சோதனை (பொருளிலிருந்து உலோகம் நீரில் எவ்வளவு கரைந்து வெளியேறும் என்பது) இருந்தால் இன்னும் தள்ளும். அந்த இடைவெளியில் அடுத்த படியைச் செய்துவிடலாம்.

4. ஒரு பக்கத்தில் பொருள் விவரத் தாள்

தாளில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், எந்த வேலையிலிருந்து வருகிறது, உட்கூறுகள் எந்த எல்லைக்குள் இருக்கும், துகள் அளவு, ஈரம், தளர்ந்த நிலையில் கன மீட்டருக்கு எத்தனை கிலோ, மாத அளவு, எப்படிக் கட்டித் தருவீர்கள், பொருளில் ஒருபோதும் இருக்காதவை என்னென்ன. இந்தக் கடைசி வரியைச் சேர்க்க மறக்காதீர்கள். 'எண்ணெய் கிடையாது, பெயின்ட் கிடையாது, மருந்தேற்றிய மரம் கிடையாது' என்ற ஒரு வரி, பத்து வரி வர்ணனையைவிட அதிக நம்பிக்கை தரும். எழுதினால் காப்பாற்றியாக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதோடு பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்று, அதாவது பொருளின் ஆபத்துகளையும் கையாளும் முறையையும் சொல்லும் தாள், இணைக்க வேண்டும். இரசாயன ஆபத்துகளை வகைப்படுத்தும் உலகளாவிய ஒத்திசைவு முறையில் (ஜி.எச்.எஸ்.) அதற்கு 16 பகுதிகள் உண்டு. இங்கே பரவலாக நடக்கும் தவறு, நீங்கள் வாங்கிய புதுக் கரைப்பானின் தரவுத் தாளையே நகலெடுத்துக் கொடுத்துவிடுவது. பயன்படுத்திய கரைப்பானில் பிசுக்கு, நிறமி, நீர் எல்லாம் சேர்ந்திருக்கும். தீப்பற்றும் வெப்பநிலைகூட மாறியிருக்கும். பயன்படுத்திய பொருளுக்குத் தனித் தாள் வேண்டும்.

உங்கள் உற்பத்தி ரகசியம் வெளியே போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. முதல் சுற்றில் ஆலையின் பெயரே இல்லாமல், பொருளையும் அளவையும் வட்டாரத்தையும் மட்டும் சொல்லுங்கள். ஆர்வம் காட்டுபவர் ரகசியக் காப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகு முழு விவரம் கொடுங்கள். ஆனால் உடல்நலத்துக்கோ இயந்திரத்துக்கோ கேடு தரும் எதையும் ரகசியம் என்ற பெயரில் மறைக்கக் கூடாது.

5. கணக்கு: நஷ்டத்துக்குக் கொடுத்தாலும் லாபமாகலாம்

பலர் 'என்ன விலை கிடைக்கும்' என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். இப்போது ஆகும் செலவோடு ஒப்பிட வேண்டும்.

டன் ஒன்றை அப்புறப்படுத்த உங்களுக்கு இப்போது 100 செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பணமாக இருந்தாலும் சரி. வாங்குபவர் டன்னுக்கு 20 தருகிறார். பிரித்துக் கட்ட 25, லாரி வாடகை 60, சோதனைச் செலவின் பங்கு 5. ஆக 20 வரவு, 90 செலவு. டன்னுக்கு 70 கையைவிட்டுப் போகிறது. பார்த்தால் நஷ்டம். ஆனால் கொட்டினால் 100 போகிறதே! டன்னுக்கு 30 மிச்சம். இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தால், 'லாரி வாடகை நீங்கள் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன்' என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது பதற்றப்படாமல் பேசலாம்.

சேர்க்க மறக்கும் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன்: சேமித்து வைக்க இடமும் கூரையும், ஏற்றும் ஆள்கூலி, கூடுதல் காப்பீடு, அனுமதிக் கட்டணம், திருப்பி அனுப்பப்படும் லோடின் இரு பக்க வாடகை. மாதம் ஒரு லோடாவது திரும்பி வரும் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். அப்படியும் மிச்சம் நின்றால் தைரியமாக இறங்கலாம்.

வாடகையை முடிவு செய்வது தூரம் மட்டுமல்ல, பொருளின் பருமனும்தான். 40 கன மீட்டர் கொள்ளும் லாரியில், கன மீட்டருக்கு 200 கிலோ உள்ள மரத்தூளை நிரப்பினால் 8 டன் போகும். அதே லாரியில் 15 கிலோ உள்ள தெர்மோகோலை நிரப்பினால் 600 கிலோதான். காற்றுக்கு வாடகை கொடுத்தது போலாகும். இப்படிப்பட்ட பொருளை அழுத்திக் கட்டும் இயந்திரமோ, உருக்கிக் கட்டியாக்கும் ஏற்பாடோ இல்லாமல் தொலைதூர வாங்குபவரை யோசிக்கவே வேண்டாம்.

ஈரமும் அப்படித்தான். 25 சதவீத ஈரத்தில் 10 டன் அனுப்பினால் அதில் உலர்ந்த பொருள் 7.5 டன். மழை நனைந்து ஈரம் 35 ஆனால் 6.5 டன். எடைச் சீட்டில் இரண்டும் 10 டன்தான். விலையை உலர் எடைக்குப் பேசிக்கொண்டால் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் வராது.

6. யாரிடம் போவது

உங்கள் பொருளைப் புதிதாக விலை கொடுத்து வாங்கும் தொழில் எது என்று யோசியுங்கள். மரத்தூள் என்றால் துகள் பலகை ஆலை, எரிகட்டி தயாரிப்பவர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரும்பைக் கழுவிய பிறகு மிஞ்சும் கரைசல் என்றால், கழிவுநீரைத் தெளிய வைக்கும் ஃபெரிக் குளோரைடு தயாரிப்பவர். அனல்மின் நிலையப் புகையைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கும் ஜிப்சம் என்றால் ஜிப்சம் பலகை ஆலை. பஞ்சாலையின் சீப்பு இயந்திரக் கழிவு என்றால் குட்டை இழையிலும் நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் நூல் ஆலை, மருத்துவப் பஞ்சு தயாரிப்பவர். 

தொழில் சங்கங்களும் சில அரசு அமைப்புகளும் கழிவுப் பரிமாற்றப் பட்டியல் நடத்துகின்றன. அதில் 'இருக்கிறது', 'வேண்டும்' என்று இரண்டு பிரிவு இருக்கும். 'வேண்டும்' பிரிவையும் படியுங்கள், நீங்களும் அதில் எழுதுங்கள். உங்களுக்குத் தேவையான மரத்தட்டு, டிரம், பொதிகட்டும் அட்டை பக்கத்து ஆலையின் கழிவாக இருக்கக்கூடும். ஒரு பட்டியலில் பதிந்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்பதைவிட, பத்து ஆலைகளின் கொள்முதல் பொறுப்பாளருக்கு நேராக விவரத் தாளை அனுப்புவது எனக்குச் சரியாக வந்தது. அவர்களில் பாதிப் பேர் பதில் சொல்ல மாட்டார்கள். பதில் சொல்பவர் உண்மையிலேயே தேவைப்படுபவராக இருப்பார்.

இடைத்தரகரைப் பற்றி: தரகர் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன அளவைப் பல இடத்தில் சேர்த்து ஒரு லோடாக்க அவர்தான் வேண்டும். ஆனால் பொருள் கடைசியில் எங்கே போகிறது என்று எழுதித் தர மறுக்கும் தரகரிடம் கொடுக்காதீர்கள்.

7. எடுப்பவரைச் சரிபாருங்கள்

இந்தப் படியை நான் மிகவும் வற்புறுத்துவேன். இலவசமாக, அதுவும் உடனே, எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தால் நின்று யோசியுங்கள். இரவில் ஏதோ ஒரு பள்ளத்திலோ நீர்நிலை ஓரத்திலோ கொட்டிவிட்டுப் போய்விட்டால், பை மேல் இருக்கும் உங்கள் ஆலைப் பெயர்தான் முதலில் அகப்படும். பல நாடுகளின் சட்டப்படி, கைமாறிய பிறகும் கழிவை உண்டாக்கியவருக்குப் பொறுப்பு தீர்வதில்லை.

கேட்டு வாங்க வேண்டியவை: அவருடைய தொழில் பதிவு, சூழல் அனுமதி, அந்த அனுமதியில் உங்கள் பொருளின் பெயர் அல்லது குறியீடு இருக்கிறதா, அனுமதிக்கப்பட்ட ஆண்டு அளவு எவ்வளவு, எந்தத் தேதிவரை செல்லும். நகலைக் கையில் வாங்கியதோடு நிற்காமல், வழங்கிய அலுவலகத்தின் பதிவோடு ஒப்பிடுங்கள். அப்புறம் நேரில் போய்ப் பாருங்கள். இயந்திரம் ஓடுகிறதா, சரக்கு வைக்கும் இடத்துக்குக் கூரை உண்டா, வாயிலில் பழைய குவியல் மலைபோல் தேங்கிக் கிடக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நாளுக்கு இரண்டு டன் அரைக்கும் இயந்திரம் வைத்திருப்பவர் மாதம் இருநூறு டன் எடுக்கிறேன் என்றால் மீதி எங்கே போகும் என்று கேளுங்கள். நேரில் வரவேண்டாம் என்று சொல்பவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

8. சோதனை லோடு

முதலில் சில கிலோ, அவருடைய ஆய்வுக்கு. அடுத்து ஒரு பை அல்லது ஒரு டிரம், இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க. அதற்குப் பிறகே முழு லாரி. அவசரப்பட்டு நடுப்படியைத் தாண்டாதீர்கள். ஆய்வகத்தில் சரியாக இருக்கும் பொருள், இயந்திரத்தின் ஊட்டுவாயில் அடைத்துக்கொள்ளலாம்.

சோதனை நாளில் உங்கள் ஆள் ஒருவர் அங்கே இருக்கட்டும். எந்தக் கலவை விகிதத்தில் போட்டார்கள், என்ன தொந்தரவு வந்தது என்று அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சோதனை லோடுக்கும் அனுமதியும் போக்குவரத்துக் காகிதமும் வேண்டும். 'சும்மா டிரையலுக்குத்தானே' என்பது வழியில் நிறுத்தும் அதிகாரியிடம் எடுபடாது.

9. ஒப்பந்தம்

பக்கம் பக்கமாக வேண்டாம். இவை இருந்தால் போதும்: தர எல்லைகள், மாதக் குறைந்தபட்ச அளவும் அதிகபட்ச அளவும், விலையும் அது எப்போது திருத்தப்படும் என்பதும், ஏற்றுவது யார், வாடகை யார், பொறுப்பு எந்த இடத்தில் கைமாறுகிறது, பணம் எத்தனை நாளில்.

தகராறு பெரும்பாலும் திருப்பி அனுப்பும் விதியில்தான் வெடிக்கும். பொருள் சரியில்லை என்று எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், யார் மாதிரியைச் சோதிப்பது, திரும்பும் வாடகை யாருடையது என்று எழுதுங்கள். கொட்டிக் கலந்த பிறகு குறை சொல்ல முடியாது என்பதையும் சேருங்கள். அதேபோல, நீங்கள் உற்பத்தி முறையை மாற்றினால் எத்தனை நாள் முன்கூட்டிச் சொல்வீர்கள் என்பதும் வேண்டும். எண்ணெய் பிராண்டை மாற்றியது, புதுப் பிசின் வாங்கியது எல்லாம் இதில் அடங்கும்.

பொருள் என்ன வேலைக்குப் பயன்படும் என்பதை ஒப்பந்தத்தில் குறிப்பிட்டு, வேறு வேலைக்கோ மூன்றாம் ஆளுக்கோ எழுத்துப்பூர்வ சம்மதமின்றிப் போகக் கூடாது என்று எழுதுங்கள். முதல் ஒப்பந்தம் குறுகிய காலத்துக்கு இருக்கட்டும். சந்தை விலை ஆடும் உலோகம், பிளாஸ்டிக், காகிதத்துக்கு விலையை ஏதாவது பொதுவான விலைப் பட்டியலோடு இணைத்துவிட்டால் மாதாமாதம் பேரம் பேச வேண்டாம்.

10. கட்டுவது, ஏற்றுவது, எடை போடுவது

பொருளுக்கு ஏற்ற கொள்கலன் இல்லையென்றால் இதுவரை செய்தது எல்லாம் வழியில் கெட்டுவிடும். சில பொருள்களுக்கு ஆபத்தே வழியில்தான். எண்ணெய்ப் பிசுக்கோடு குவித்த இரும்புத் துருவல் தானாகச் சூடேறும். ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. பட்டியலில் சூடேறும் இயல்புள்ள இரும்புத் துருவலுக்கு 2793 என்றே தனி எண் உண்டு. அலுமினியம் உருக்கும்போது வரும் கசடு நனைந்தால் எரியும் வாயுவும் அம்மோனியாவும் கிளம்பும். அந்த வகைக்கு எண் 3170. இவற்றைத் திறந்த லாரியில் தார்ப்பாய் போட்டு அனுப்பும் எண்ணமே வேண்டாம்.

பழைய டிரம், 1000 லிட்டர் கூண்டுத் தொட்டி ஆகியவற்றில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள். ஆபத்தான சரக்குக்கான பிளாஸ்டிக் டிரம், பிளாஸ்டிக் தொட்டி ஆகியவற்றுக்குத் தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டுதான் பொது வரம்பு. தேதி அச்சில் பதிந்திருக்கும், பாருங்கள். மரத்தட்டுகளில் எச்.டி. (HT) என்ற முத்திரை இருந்தால், மரத்தின் உள்மையம்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது என்று பொருள். எம்.பி. (MB) என்றிருந்தால் மெதில் புரோமைடு புகையூட்டியது. அதை எரிகட்டிக்கும் உணவுப் பொருள் வைப்பதற்கும் கொடுக்காதீர்கள்.

அழுகும் பொருளுக்கு நேரமே விதி. பீர் ஆலையில் மிஞ்சும் தானியச் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். வெப்பமான நாளில் ஓரிரு நாளிலேயே புளித்துக் கெட ஆரம்பிக்கும். இதற்கு வாங்குபவர் பக்கத்தில் இருக்க வேண்டும், வண்டி தினம் வர வேண்டும்.

லோடோடு போக வேண்டிய காகிதங்கள்: விலைப்பட்டியல் அல்லது வழங்கல் சீட்டு, அபாயக் கழிவானால் பல நகல் கொண்ட கழிவு நகர்வுப் படிவம், தரவுத் தாள், அந்த லோடின் எடைச் சீட்டு, அவசரத்தில் அழைக்க வேண்டிய எண், ஏற்றிச் செல்பவரின் அனுமதி நகல். எடை மேடையில் காலி வண்டி எடையையும் நிறை எடையையும் இரு முனையிலும் எடுங்கள். வேறுபாடு எத்தனை சதவீதம்வரை ஏற்கப்படும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பணம் வாங்காமல் கொடுத்தாலும் காகிதம் வேண்டும். விலை பூஜ்யம் என்று போட்ட சீட்டாவது இருக்கட்டும். வரிப் பக்கம் அதற்கு என்ன மதிப்புக் காட்ட வேண்டும் என்று உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

11. நாட்டு எல்லையைத் தாண்டினால்

முடிந்தவரை முதல் பரிமாற்றத்தை உள்நாட்டிலேயே வையுங்கள். எல்லை தாண்டினால் 1989இல் கையெழுத்தாகி 1992இல் நடைமுறைக்கு வந்த பாசெல் உடன்படிக்கை வந்துவிடும். கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை அது. அபாயக் கழிவுக்கு, ஏற்றுமதி நாடு முன்கூட்டி எழுத்தில் அறிவித்து, இறக்குமதி நாடும் வழியிலுள்ள நாடுகளும் சம்மதித்த பிறகே சரக்கு நகரலாம். வழியிலுள்ள நாடு பதில் சொல்லவே 60 நாள் அவகாசம் உண்டு. ஒரே வகைச் சரக்கு அடிக்கடி போகிறது என்றால் 12 மாதம்வரை பல லோடுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு கொடுக்க வழி இருக்கிறது; அதைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு திருத்தங்கள் பலருக்குத் தெரியாது. 2021 ஜனவரி முதல், கலந்த, அழுக்கான பிளாஸ்டிக் கழிவுக்கும் இந்த முன்சம்மதம் வேண்டும். 2025 ஜனவரி முதல், அபாயகரமாக இல்லாத மின்னணுக் கழிவுக்கும் வேண்டும். 'பழைய சர்க்யூட் போர்டுதானே' என்று கப்பலில் ஏற்றினால் துறைமுகத்தில் நிற்கும், தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும்.

12. எவ்வளவு காலம் ஆகும், ஓட ஆரம்பித்த பின் என்ன

சுத்தமான அட்டை, மரம், ஒரே வகை பிளாஸ்டிக் ஓரம் என்றால் சில வாரத்தில் முதல் லோடு போய்விடும். சோதனையும் துணைப்பொருள் அனுமதியும் தேவைப்படும் சாம்பல், கசடு, ஜிப்சம் போன்றவைக்குச் சில மாதம். அபாயக் கழிவுக்கு அரை வருடத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை இப்போதைய அப்புறப்படுத்தும் ஒப்பந்தத்தை ரத்து செய்யாதீர்கள். புதிய ஏற்பாடு சீராக ஓடிய பிறகும் குறைந்த அளவில் அதை வைத்திருப்பது நல்லது. வாங்குபவர் ஆலையைப் பராமரிப்புக்கு நிறுத்தினால் உங்கள் கழிவு நிற்காது, வந்துகொண்டேதான் இருக்கும்.

ஒவ்வொரு லோடுக்கும் ஒரு மாதிரிப் பொட்டலம், ஓர் எடைச் சீட்டு, எடுப்பவரிடமிருந்து 'இன்ன தேதியில் இவ்வளவு பெற்றேன், இன்ன வேலைக்குப் பயன்படுத்தினேன்' என்ற ஒப்புகை. மூன்றையும் ஒரே எண்ணில் கோத்து வையுங்கள். ஒப்புகை வராத லோடு இருந்தால் அடுத்த லோடை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். காகிதங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் சட்டம் சொல்லும். அந்தக் காலம் முடிந்த பிறகும் அனுமதி நகல்களையும் ஒப்பந்தங்களையும் தூக்கிப் போடாதீர்கள்.

எடுப்பவரின் அனுமதி முடியும் தேதியை உங்கள் நாட்காட்டியில் குறித்து, இரண்டு மாதம் முன்பே புதுப்பித்த நகலைக் கேளுங்கள். வருடம் ஒருமுறையாவது நேரில் போய் வாருங்கள். ஆய்வகச் சோதனையையும் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள். மூலப்பொருள் மாறினால் உடனே செய்யுங்கள். முடிவு சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் நகலை அவர் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.